காப்புக்கு முந்தி வந்த சேதி

அத்தியாயம் 14

அம்மனுக்குச் சோறு பொங்குகிற வெண்கல உருளியைத் தூக்கி அடுப்பில் வைக்கும்போதே கிருஷ்ணவேணிக்கு மணிக்கட்டு சுளீரென்றது.

இன்று நேற்று வலியா? கல்யாணமாகி வந்த மறுவாரம் மாமியார் கையில் கொடுத்த உருளி. தெருக்கோடியில் இருக்கிற முத்தாரம்மனுக்குக் காலை நைவேத்தியம் இந்த வீட்டு உரிமை. தினமும் இருட்டோடு எழுந்து குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பச்சரிசிச் சோறு பொங்கியாக வேண்டும். மழை என்றாலும் உண்டு, காய்ச்சல் என்றாலும் உண்டு. மாதத்தில் ஒதுங்குகிற நாட்களில் மட்டும் அடுத்த வீட்டிலிருந்து நாத்தனார் சிவகாமியம்மாள் வந்து பொங்குவாள். பொங்கிவிட்டு அடுத்த மாதம் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். இப்போது வயசு ஏறி அந்த ஒதுக்கமும் நின்று போயிற்று. ஓய்வு என்று இருந்ததே அது ஒன்றுதான்.

அதிலும் இன்று அம்மனுக்குக் கொடைத் திருவிழா. வருஷத்துக்கு ஒரு செவ்வாய். ஒரு வாரமாக அரிசி இடித்து, மாவிளக்குக்கு வெல்லப்பாகு காய்ச்சி, விருந்தாளிகளுக்குப் பாய் தேடி, அவளுக்கு நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

கொடைக்குக் காப்புக் கட்டிக் கும்பம் எடுக்கிற முறை தெருவில் வீடு வீடாகச் சுற்றி வருவது. அவள் புருஷன் அழகியநம்பியின் அப்பா கும்பம் எடுத்தபோது அழகியநம்பிக்கு வேட்டி இடுப்பில் நிற்காத வயசு. அந்த முறை இப்போதுதான் மறுபடி இந்த வாசலுக்கு வந்திருக்கிறது. அதுவும் சும்மா வரவில்லை. தை மாசக் கூட்டத்தில் கோயில் கமிட்டியில் இருக்கிற தாணுமூர்த்தி எழுந்து, "மகன் சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணைக் கெட்டியிருக்கான். அந்த வீட்டு ஆளு கையில கும்பமா?" என்று கேட்டார். அழகியநம்பி அம்மன் நடையைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னது தெரு முழுக்கத் தெரியும்.

"எனக்கும் அவனுக்கும் ஒரு ஒட்டுறவும் கெடையாது. என் வீடு சுத்தமாக்கும்."

முறை நிலைத்தது. வினீத்தின் பெயரை வீட்டில் எடுப்பது நின்றது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கிற மகன், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு பிஜி என்கிற நர்ஸ் பெண்ணோடு நெய்யாற்றின்கரையில் குடியிருக்கிறான் என்பதை அழகியநம்பி யார் மூலமாகவும் கேட்டுக்கொள்வதில்லை. அவர் சாலை பஜார் கடைக்குக் கணக்கெழுதப் போன பிறகு கொல்லைப்புறம் நின்று கிருஷ்ணவேணி மட்டும் போனில் பேசுவாள். பிஜிக்கு மாசம் நிறைந்தது அவளுக்குத் தெரியும். புருஷனிடம் சொல்ல வாய் வந்ததில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது மாசமும் ஓடிவிட்டது.

அரிசி பாதி வெந்திருக்கும்போது ஜன்னல் விளிம்பில் கிடந்த போன் அடித்தது. அகப்பையை வலது கையில் வைத்துக்கொண்டே இடது கையால் எடுத்தாள்.

"அக்கா, நான் ராஜபாயாக்கும். பிஜிக்கெ அம்மை."

"சொல்லுங்கோ."

"பிள்ளை பொறந்தாச்சு அக்கா. விடியக்காலம். பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சொகமாட்டு இருக்கியாவ. கீறவொண்ணும் வேண்டி வரல்ல, கர்த்தர் காத்தாரு."

"வினீத் எங்க?"

"இங்கதான் வராந்தாவுல நிக்கியான். போனைக் குடுத்தா வாங்கமாட்டேங்கான். அப்பாவுக்கு இண்ணு கோயில் காரியம், ஒண்ணும் சொல்லண்டாம், நாலு நாள் போட்டுண்ணு சொல்லுயான். அது என்ன அக்கா அப்படி? நல்ல சேதியைச் சொன்னா என்ன குத்தம்? உங்க அம்மனுக்குத் திருவிழா நாளுல பொறந்திருக்கா, பாக்கியம் அல்லியா?"

"பிஜி என்ன சொல்லுகா?"

"அவ என்ன சொல்ல? பக்கத்துக் கட்டில்காரி கேட்டா, அப்பன் வீட்டு ஆளுவ யாரும் வரல்லியாண்ணு. அதுக்கு அவ செவுத்துப் பக்கமாட்டு திரும்பிப் படுத்திட்டா." ராஜபாயின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் குத்தம் சொல்லல்ல அக்கா. சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன். வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள்.

சோற்றைக் கிண்ட வேண்டிய பருவம். அகப்பையை உருளிக்குள் விடப் போன கை பாதியில் நின்றது. அவள் நிறுத்தவில்லை, கையாகவே நின்றது. பேத்தி பிறந்திருக்கிறாள். வீட்டில் பிறப்பு என்றால் தீட்டு. பக்கத்து மலையாளத்து வீடுகளில் வாலாய்மை என்பார்கள். தீட்டுக்காரி அம்மன் சோற்றைத் தொடலாகாது. இது கிருஷ்ணவேணி யோசித்து எடுத்த முடிவில்லை. இத்தனை வருஷம் உருளியோடு பழகிய கைக்குத் தானாகத் தெரிந்தது.

அகப்பையை மேடையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றாள். சோறு கண்ணெதிரே அடிபிடிக்கத் தொடங்கியது. அடுப்பைக்கூட அணைக்கத் தோன்றவில்லை.

கொல்லை வாசல் வழியாகச் சிவகாமியம்மாள் மூக்கைச் சுளித்தபடி வந்தாள்.

"வேணி! என்னட்டி இது? கருகல் மணம் என் அடுக்களை வரைக்கும் வருகு. அம்மனுக்குக் கரிச்சோறா குடுக்கப் போறே?"

"நீங்க எறக்குங்க மயினி. நான் தொடப்பிடாது."

சிவகாமியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வயசுலயா?"

"அதில்ல."

"பின்னே?"

"வினீத்துக்குப் பிள்ளை பொறந்திருக்கு."

சிவகாமியம்மாள் முதலில் அடுப்பை அணைத்தாள். அப்புறம் கூடத்துக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"நம்பி கேட்டானா?"

"இல்ல. குளிச்சிட்டிருக்காவ."

"அப்ப அவனுக்குத் தீட்டு இல்ல. காதுல விழாம எப்படி வரும்? பூசாரி நடையில நிறுத்திக் கேப்பான், சாவு உண்டா பிறப்பு உண்டான்னு. இவன் இல்லேம்பான். பொய் இல்லையே, அவனுக்குத்தான் தெரியாதே! காப்பு கையில ஏறிட்டா அப்புறம் கொடை முடியது வரைக்கும் எந்தத் தீட்டும் ஒட்டாது. மத்தியானத்துக்கு மேல மெள்ளச் சொல்லு."

"நான் கேட்டுட்டேனே மயினி."

"போன்லதானே கேட்டே? போன்ல வந்த தீட்டு போனுக்கு. அதைக் கொண்டுபோய்க் குளிப்பாட்டு."

"மாவிளக்கு எடுத்துக்கிட்டு அவிய பக்கத்துல நான் போகணும்."

"எடு."

"எப்படி எடுப்பேன்?"

"கையாலதான். வேற எப்படி எடுப்பாவ?" சிவகாமியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. ஆபீசுல ஒப்பு வச்சதெல்லாம் ஒரு கல்யாணமா? தாலி உண்டா, மேளம் உண்டா? அதுல பொறந்ததுக்கு நமக்கு என்ன தீட்டு? அப்படி நெனச்சுக்கோயேன்."

"அப்படி நெனச்சா அது நம்ம பிள்ளை இல்லேன்னுல்லா ஆகும்."

சிவகாமியம்மாள் கருகின சோற்றை வழித்துக் கொட்டினாள். உருளியைப் புளி போட்டுத் தேய்த்தாள், புது அரிசி அளந்தாள், எல்லாம் தடதடவென்று.

"நீ தள்ளி நில்லு. நான் பொங்குகேன். கெட்டிக்குடுத்த பொண்ணுக்கு இந்த வீட்டுத் தீட்டு கெடையாது." தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எங்க அப்பா செத்தப்ப உனக்குப் பதினாறு நாளு. எனக்கு மூணு. வந்தவளுக்குப் பதினாறு, பொறந்தவளுக்கு மூணு. நாலாம் நாள் நான் கோயிலுக்குப் போய்ட்டு வந்து அழுதேன், கேட்டியா? அப்பாவுக்காக அழல்ல."

அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் திரும்பினாள். "அவன்கிட்ட வாயைத் திறக்காதே வேணி. இந்த நாளுக்காக அவன் எப்படிக் காத்துக் கெடந்தான்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அதுதான் கஷ்டம்.

கூடத்தில் மஞ்சள் முக்கின வேட்டியும் மார்பில் சந்தனமுமாக அழகியநம்பி நின்றுகொண்டிருந்தார். மூன்று நாள் விரதத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. சித்தப்பா மகன் ஜெயன், கோயில் கமிட்டி செயலாளர், ஒரு கையில் மாலையும் ஒரு கையில் போனுமாக வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, பையன்மாரு சிங்காரி மேளத்துக்காரனையும் விளிச்சிருக்கானுவ. நையாண்டி மேளத்துக்காரன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து அடிச்சா அம்மனே எறங்கி ஓடிப் போவா."

"நடைக்கு நையாண்டி. ரோட்டுக்குச் சிங்காரி. முடிஞ்சு போச்சு." அழகியநம்பி சிரித்தார்.

அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கிருஷ்ணவேணி நினைத்துப் பார்த்தாள். வினீத் போன பிறகு இதுதான் முதல் தடவையோ என்னவோ. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் கடைக் கணக்கை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிற முகம்தான் இந்த ஒரு வருஷமாக.

நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"இஞ்சேருங்கோ. ஒரு காரியம் சொல்லணும்."

"கோயில் காரியமா?"

"இல்ல. வீட்டுக் காரியம்."

அவர் அவளைப் பார்த்தார். ஒரு நொடி, ஏதோ பிடிபட்ட மாதிரி பார்த்தார். பிறகு ஜெயன் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டார்.

"காப்பு கழிஞ்சு சொல்லு."

"கேட்டுட்டுப் போனா—"

"வேணி." குரல் உயரவில்லை. "இன்னைக்கு ஒரு நாள். வீட்டுக் காரியம் நாளைக்கும் இருக்கும்லா?"

ஜெயன் நடுவில் புகுந்தான். "மயினி, நேரம் ஆச்சு கேட்டேளா. எதானாலும் பொறவு பாத்துக்கிடலாம். மாவிளக்குத் தட்டு எங்க? ஆதிரா, அதை எடுத்துப் பெரியம்மை கையில குடு மோளே."

ஜெயனின் மகள் ஆதிரா தட்டைக் கொண்டுவந்தாள். கிருஷ்ணவேணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே எடுத்துட்டு நட. எனக்குத் தலை சுத்துகு. பின்னால வாறேன்."

மேளம் முழங்கிற்று. அழகியநம்பி படி இறங்கினார். தெரு வழி விட்டது. கடையில் கணக்கெழுதுகிற மனுஷர் அன்றைக்கு முதுகு நிமிர்ந்து நடந்தார். கிருஷ்ணவேணி கூட்டத்துக்கு வெகு பின்னால், தனியே நடந்தாள். மத்தியானம் வரைக்கும்தானே. வாயை மூடிக்கொண்டு வெளியே நின்றால் போயிற்று. தீட்டையும் கோயிலுக்குள் கொண்டுபோகவில்லை, புருஷன் ஆசையையும் கெடுக்கவில்லை. வினீத்தே அதைத்தானே சொன்னான், நாலு நாள் போகட்டும் என்று. இருபத்தெட்டு வயசில் அவனுக்கு இருக்கிற நிதானம் தனக்கும் இருக்க வேண்டாமா?

இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வந்தாள்.

கோயில் வாசல் வளைவுக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டாள்.

ஆதிரா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "பெரியம்மே, இவிட எந்தினா நிக்கே? உள்ள வாங்க. எல்லாரும் நோக்குகாவ."

"நீ போ மக்ளே. எனக்கு இங்க காத்து கெடைக்கு."

உள்ளே நின்ற பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தாணுமூர்த்தியின் பெண்டாட்டி சரஸ்வதியம்மாள் பக்கத்துக்காரியின் காதைக் கடிப்பதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அதுவா இருக்கும்."

"நின்னு போச்சுன்னுல்லா சொன்னா?"

"சிலருக்குத் திரும்பி வரும். எங்க மாமிக்கு வந்துது."

"கரெக்டா கொடை அன்னைக்கா?"

"அதுக்கு நாளும் கெழமையும் தெரியுமா?"

வேறு சமயமாயிருந்தால் கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பு வந்திருக்கும். இப்போது கால்தான் வலித்தது. வளைவில் சாய்ந்துகொள்ளலாம் என்று கையை வைத்தவள், அதுவும் கோயிலைச் சேர்ந்தது என்று கையை எடுத்தாள்.

பூசாரி மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிற்றைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு நடைக்கு வந்தார். கை காட்டினார். மேளம் சட்டென்று அடங்கிற்று. வருஷத்தில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் கொடையில் மேளம் நிற்கும். கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்துவார்கள்.

அழகியநம்பி நடைக்கு எதிரே கைகூப்பி நின்றார். அவருக்கு இடப்பக்கம் ஜெயன், வலப்பக்கம் தாணுமூர்த்தி, பின்னால் கமிட்டிக்காரர்கள்.

"கும்பக்காரரே, அம்மன் கேக்கா. உம்ம குடும்பத்துல சாவு உண்டா?"

"இல்லை."

தெளிவாகச் சொன்னார். வாசல் வரை கேட்டது.

"பிறப்பு உண்டா?"

அதே தெளிவோடு சொல்வதற்கு அவர் மூச்சை இழுத்தார். முதுகு லேசாக உயர்வது கிருஷ்ணவேணிக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லப் போகிறார். தெரியாமல்தான் சொல்லப் போகிறார். ஆனால் அம்மன் கேட்டு, தெரு முழுக்கச் சாட்சி நிற்க, அந்தப் பிள்ளை இல்லை என்று ஆகிவிடும். இன்று பிறந்தது. கண்ணைத் திறந்து பார்த்ததோ இல்லையோ. நாளைக்கு அதைக் கையில் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவுக்குள் வந்தால், "கொடைக்கு முந்தி பொறந்துதா, பிந்தி பொறந்துதா" என்று நாள் பார்க்கிறவர்கள் இங்கே நிற்கிற அத்தனை பேரும்.

"உண்டு."

அவள் கத்தவில்லை. மேளம் நின்றிருந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது.

கூட்டம் திரும்பிற்று. உள்ளேயிருந்து சிவகாமியம்மாள், "பாவி, கெடுத்துட்டாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"மயினி!" ஜெயன் பதறினான். "என்னதாக்கும் இது? விளையாடுக நேரமா?"

"விளையாடல்ல ஜெயன். வினீத்துக்குப் பிள்ளை பொறந்திருக்கு. இன்னைக்கு விடியக்காலம். எங்க வீட்டுல பிறப்பு உண்டு."

தாணுமூர்த்தி முன்னால் வந்தார். "அது எப்படி உங்க வீடாகும்? ஒட்டுறவு இல்லேன்னு கூட்டத்துல சொல்லியாச்சுல்லா? அந்தப் பிள்ளை நம்ம கணக்குலயே வராது. பூசாரி, நீரு கட்டும் வே."

தை மாசம் கும்பம் கொடுக்கக் கூடாது என்று நின்ற அதே தாணுமூர்த்தி! கிருஷ்ணவேணிக்கு முதலில் விளங்கவில்லை. சரஸ்வதியம்மாள்தான் விளக்கினாள், விளக்க வேண்டும் என்று நினைக்காமலே.

"அய்யோ, நம்பி அண்ணாச்சிக்குத் தீட்டுன்னா இவியளும் பங்காளியில்லா! ஜெயனும் பங்காளி. அப்ப கமிட்டி பூரா..."

நடைக்குப் பக்கத்தில் நின்ற ஆண்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் விளக்கை ஏந்திக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைப்பதா, கையில் வைத்திருப்பதா என்று தெரியாமல் இன்னொருவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் மட்டும், எந்தத் தீட்டும் இல்லாத வெளியூர்க்காரர், நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பூசாரி தாம்பாளத்தை உயர்த்திப் பிடித்தார். "எல்லாரும் சும்மா இருங்க. வெளிய நிக்கவ சொன்னா செல்லாது. கும்பக்காரர் வாயால வரணும். கும்பக்காரரே, அம்மன் கேக்கா. பிறப்பு உண்டா?"

ஜெயன் அழகியநம்பியின் காதருகே குனிந்தான். ரகசியம் பேசுகிற மாதிரிதான் குனிந்தான். அந்த அமைதியில் ரகசியம் ஏது?

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. இல்லேன்னு சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னதுதானே. காப்பைக் கெட்டிக்கிட்டு, கொடை கழிஞ்ச பொறவு நீங்க எங்க வேணும்னாலும் போங்க, யாரைக் கொஞ்சினாலும் ஒரு மனுஷனும் கேக்கமாட்டான். உங்க அப்பா எடுத்த கும்பமாக்கும். இனி இந்த முறை வரும்போ நம்ம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்."

அழகியநம்பி கூப்பின கையைப் பிரிக்காமலேயே திரும்பி, அத்தனை தலைகளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். செருப்புக் குவியல் நடுவில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று கிருஷ்ணவேணி எதிர்பார்த்தாள். இல்லை. களைப்புதான் இருந்தது. அவள் முகத்தில் இருந்த அதே களைப்பு.

"வேணி."

"என்ன?"

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். பூசாரியின் பக்கம் திரும்பினார்.

"உண்டு," என்றார்.

பூசாரி தாம்பாளத்தைத் தாழ்த்தினார். அழகியநம்பி கழுத்து மாலையைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். கையை நீட்ட ஆளில்லை. படியோரத்தில் வைத்துவிட்டு, எதிரே நின்றவர்கள் மேல் படாமல் ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்தார். பின்னால் பூசாரி கேட்பது கேட்டது.

"அப்ப காப்பு யாருக்கு?"

கமிட்டிக்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

கோயிலுக்கு எதிரே பூட்டிக் கிடந்த பாத்திரக் கடைப் படியில் அழகியநம்பி உட்கார்ந்தார். கிருஷ்ணவேணி பக்கத்தில் போய் நின்றாள்.

"காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்க நிக்கல்லியே."

"ம். நின்னிருந்தா, வாயை மூடிக்கிடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அது உண்மை என்று இருவருக்கும் தெரியும்.

"எங்க இருக்கா?"

"நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில. வாங்க, போவோம். ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க."

அழகியநம்பி மார்பில் காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தை விரலால் சுரண்டினார்.

"நீ போ."

"நீங்க?"

"உண்டுன்னு சொல்லியாச்சு வேணி. இன்னைக்கு அதுக்கு மேல என்னால ஆகல்ல. அவன் முகத்தைப் பாத்து நான் என்ன பேச? தை மாசம் சொன்னது அவன் காதுக்கும் போயிருக்கும்."

"போயிருக்கு."

"அதான். நீ போ."

கோயில் வளைவுக்குள்ளிருந்து சிவகாமியம்மாள் வேகமாக வெளியே வந்தாள். திட்டப் போகிறாள் என்று கிருஷ்ணவேணி நின்றாள். வந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறி முறைத்தாள்.

"ஊரே சிரிக்கப் போகு. கொடை நடக்குமா நடக்காதாங்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டாச்சு. உள்ள தாணு குதிக்கான். திருப்திதானே?"

"மயினி..."

"பேசாத." மூச்சு வாங்கினாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "எடை எவ்வளவு இருக்காம்?"

"கேக்கல்ல மயினி."

"கேக்கணுமில்லா மொதல்ல! மொகத்தை மட்டும் பாத்துட்டா வருவே? போய்க் கேட்டுட்டு வா. இவனை நான் பாத்துக்கிடுகேன்." தம்பியின் தோளில் கையை வைத்தாள். அவர் தட்டிவிடவில்லை.

ஒரு ஆட்டோ வந்தது. கிருஷ்ணவேணி ஏறி உட்கார்ந்தாள். சேலை கசங்கியிருந்தது, தலையில் பூ இல்லை, கையில் பிள்ளைக்கென்று ஒன்றும் இல்லை. போகிற வழியில் ஏதாவது வாங்க வேண்டும்.

"எங்கோட்டா சேச்சீ?"

"தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. நெய்யாற்றின்கரை பஸ் பிடிக்கணும்."

ஆட்டோ கிளம்பியது. பின்னால் எட்டிப் பார்த்தாள். படியில் உட்கார்ந்திருந்த அழகியநம்பியை நோக்கி ஜெயனும் தாணுமூர்த்தியும் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். சிவகாமியம்மாள் குறுக்கே நின்று கையை நீட்டி என்னவோ சொன்னாள். அதற்குள் தெரு திரும்பிவிட்டது.

கிருஷ்ணவேணி சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். காது மட்டும் பின்னாலேயே இருந்தது. கிழக்கேகோட்டை தாண்டும்வரை கவனித்துப் பார்த்தாள். மேளம் இன்னும் தொடங்கவில்லை.